எட்டுக்குப் பிறகு பதின்மூன்று

மருத்துவமனையின் தகவல் அறைக்கு ஜன்னல் கிடையாது. அந்தக் குறை தெரியாமலிருக்க யாரோ ஒரு ஜன்னலின் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். படத்து ஜன்னலுக்கு வெளியே ஒரு மரமும், மரத்துக்கு அப்பால் துண்டுக் கடலும் தெரிந்தன. தங்கை அந்தக் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்து நிமிடத்துக்கு முன்புதான், மூன்றாவது மாடி வராந்தாவில், டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு வந்த கட்டி எலும்புக்குப் போய்விட்டது. இனிமேல் கொடுக்கிற மருந்து நோயை விரட்டாது, கொஞ்ச நாள் வாசலில் நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை. டாக்டரே சொன்னார், மாதக்கணக்கில் என்று. வருஷம் என்ற வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை.

"உங்க அக்காகிட்ட நான் சொல்லட்டுமா, இல்ல நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்லிக்கிறேன் டாக்டர்."

டாக்டரிடம் சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லைத் தண்ணீர்க் குடம்போல இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினாள். அக்கா கீழே ரத்தம் எடுக்கிற இடத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தாள். அங்கே போவதற்குப் பதிலாகத் தங்கையின் கால்கள் இந்த அறைக்குள் நுழைந்துவிட்டன.

மூன்று சுவரிலும் தட்டுகள். தட்டு நிறையத் துண்டுப் பிரசுரங்கள். முடி கொட்டினால் என்ன செய்வது, வாய் புண்ணானால் எதைச் சாப்பிடுவது, பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது, பொய்முடி எங்கே இரவல் கிடைக்கும், வியாழக்கிழமை கூட்டத்துக்கு எந்த வாசல் வழியாக வர வேண்டும். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிவிட்டு இன்னொரு பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு வேணும்?"

"எங்க அக்காவுக்கு."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

"உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு தெரியுது. உங்களுக்கு என்ன வேணும்னுதான் கேட்டேன்."

தங்கை மறுபடி படத்துக் கடலைப் பார்த்தாள். அந்த அம்மாள் பென்சில் தேடுவதை விட்டார். எழுந்துபோய், நீல அட்டை போட்ட ஒரு சிறிய புத்தகத்தை எடுத்து வந்தார். முப்பத்திரண்டு பக்கம், நடுவில் இரண்டு கம்பிப் பின்.

"கூட்டம், போன் நம்பர், வீட்டுக்கு வந்து பாக்கிறவங்க, எல்லாம் இதுல இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து படிங்க. ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்ல. ஆனா எதையும் விட்டுடாதீங்க."

*

தங்கைக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தாலும் துருவாக வருகிறது என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதுகிற பிரிவு. பதினொரு வருஷமாக அங்கே அவள் பழகிய கைவரிசை ஒன்றே ஒன்றுதான். எதைச் சொல்ல வேண்டுமோ அதை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் மரியாதையாகச் சொல்வது. குழாய் எப்போது சரியாகும் என்பதைத் தவிர சகலமும் அவள் கடிதத்தில் இருக்கும். "உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், தாகம் தணிந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கும் அவள் நன்றி தெரிவித்துப் பதில் போட்டாள்.

அன்று மாலை அக்கா குளித்துக்கொண்டிருந்தபோது, சமையலறை மேசையில் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அக்கா மூக்கால் ஏதோ பாட்டு முனகுவதும் கேட்டது.

இருபது பக்கம் வரை பிரச்சினை இல்லை. இருபத்தொன்றாம் பக்கத்துத் தலைப்பில் விரலை வைத்து நின்றுவிட்டாள். 'சிகிச்சை பலன் தராதபோது.' அது நான்கு பக்கம் போயிற்று. எழுதியவர் யாரோ, ரொம்பத் தெளிவாக எழுதியிருந்தார். தண்ணீர் வாரியத்தில் இப்படி எழுதினால் வேலை போய்விடும்.

இதை அக்கா படிக்கக் கூடாது. இன்றைக்கு வேண்டாம். நாளைக்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். அதுவரை இந்த நான்கு பக்கம் மட்டும் புத்தகத்தில் இல்லாமல் இருக்கட்டும்.

பிளேடை எடுத்தாள். வெட்டப் போகும்போதுதான் பார்த்தாள், இந்தப் பக்கத்தை வெட்டினால் முன்பாதியில் இருக்கும் இன்னொரு பக்கம் பிடியில்லாமல் கழன்று விழுந்துவிடும். நடுவில் மடித்துப் பின் அடித்த புத்தகம் அது. முன்னால் ஒரு பக்கமும் பின்னால் ஒரு பக்கமும் ஒரே தாள். சரி, தாளோடு எடுத்துவிடலாம் என்று காய்கறிக் கத்தியின் முனையால் பின்னின் கால்களை நெம்பி நிமிர்த்தி, இரண்டு தாள்களை முழுசாக உருவினாள். இருபத்தொன்று முதல் இருபத்துநான்கு வரை போயின. கூடவே ஒன்பது முதல் பன்னிரண்டு வரையும் போயின.

ஒன்பதாம் பக்கத்தில் 'வலி' என்று தலைப்பு. அக்காவுக்குத்தான் வலியே இல்லையே, இது எதற்கு அவளைப் பயமுறுத்த என்று நினைத்துக்கொண்டாள். படிக்கவில்லை. தாள்களை மடித்து, கைப்பையிலிருந்த அலுவலகக் கோப்பில் செருகினாள். கோப்பின் மேல் 'பதில் அனுப்ப வேண்டியவை' என்று எழுதியிருந்தது.

பின்னை மடக்கி அமுக்கினாள். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எட்டாம் பக்கத்துக்குப் பிறகு பதின்மூன்று. பக்க எண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்?

*

அம்மா போனபோது தங்கைக்கு இரண்டு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. அடுத்த வாரமே அக்கா பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தாள். அன்றிலிருந்து போன மாதம் வரை முப்பத்து நான்கு வருஷம் அதே பிரஸ், அதே மேசை. பள்ளிக்கூடத்தில் தோழிகள், "உங்கக்கா என்ன வேலை பாக்கிறாங்க?" என்று கேட்டால் தங்கை, "பிரஸ்ல" என்பாள். "பிரஸ்ல என்ன?" என்றால், "பைண்டிங்" என்பாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. பசை வாசனையோடு வருகிற வேலை, விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிடுகிற வேலை என்ற அளவில்தான் அது அவளுக்குத் தெரியும். அந்த வேலையில்தான் அவள் வளர்ந்தாள், படித்தாள், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டாள். என்ன வேலை என்று மட்டும் கேட்டதில்லை.

ஈரத் தலையோடு வந்த அக்காவிடம் புத்தகத்தை நீட்டினாள்.

"ஆஸ்பத்திரியில குடுத்தாங்கக்கா. எல்லாம் விவரமா போட்டிருக்கு."

அக்கா இரண்டு கையாலும் வாங்கினாள். உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரலை ஓரத்தில் வைத்து ஒரே இழுப்பு, பக்கங்கள் சரசரவென்று ஓடி நின்றன. கட்டைவிரல் ஒரு கணம் அப்படியே அந்தரத்தில் இருந்தது. பிறகு புத்தகத்தை நடுவில் திறந்து பின்னைப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. பின்னு கொஞ்சம் தளர்வா இருக்கு." தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "தாள் நல்ல தாள்."

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கத்திலேயே வெகுநேரம் இருந்தாள்.

"அங்கேயே நின்னுட்டியே அக்கா?"

"பொருளடக்கம்டி குட்டி. சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடி என்னென்ன சமைச்சிருக்காங்கன்னு ஒரு தடவை எட்டிப் பாக்க வேணாமா?" என்று சிரித்தாள்.

தங்கையும் சிரித்தாள். முப்பத்தாறு வயதிலும் அவளைக் குட்டி என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

*

நாளைக்குச் சொல்கிறேன் என்பது மறுநாளும் நாளைக்காகவே இருந்தது. அதற்கு அடுத்த நாளும்.

காலையில் சொல்லலாம் என்றால் அக்கா நன்றாகத் தூங்கியிருப்பாள், கெடுக்க மனசு வராது. மாலையில் சொல்லலாம் என்றால் மருந்து சாப்பிட்டுச் சோர்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாளை வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து வந்து போயின.

ஒரு நாள் அக்கா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "குட்டி, வியாழக்கிழமை கூட்டம்னு போட்டிருக்கே, போய்ப் பாக்கலாமா? நம்மள மாதிரி ஆளுங்க வருவாங்களாம்" என்றாள்.

அங்கே போனால் யாராவது எதையாவது உளறிவிடுவார்கள். தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இந்த மழையிலயா? உனக்குச் சளி பிடிச்சா யார் பாக்கிறது?"

"மழையா?" அக்கா ஜன்னலைப் பார்த்தாள். தெருவில் ஒரு பூனை வெயிலில் படுத்து முதுகைச் சூடேற்றிக்கொண்டிருந்தது. "ஆமா, கொஞ்சம் மேகமாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. கூட்டத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை.

தகவல் அறை அம்மாள் ஒரு முறை போன் செய்தார். "படிச்சீங்களா? ஏதாவது கேக்கணுமா?" தங்கை வராந்தாவுக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "எல்லாம் நல்லா போகுதுங்க, ரொம்ப உபயோகமா இருக்கு" என்றாள். தண்ணீர் வாரியக் குரல். அந்த அம்மாள், "எப்ப வேணாலும் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

மூன்றாவது வாரத்திலிருந்து அக்கா நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தாள். கேட்டால், "நின்னு சாப்பிட்டா நேரா இறங்கும்" என்றாள். தாழ்வான நாற்காலியை மூலையில் தள்ளிவிட்டு அதன் மேல் துணிக் கூடையை வைத்தாள். தெருமுனைக் கடை வரை போய்வருகிறவள், வாசல்படியோடு திரும்பினாள். டிவியில் சிரிப்புக் காட்சி வந்தால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, உடம்பு அசையாமல், கண்ணால் மட்டும் சிரித்தாள்.

ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த தங்கையிடம், ஏதோ ஞாபகம் வந்தவளைப்போலக் கேட்டாள்.

"இந்தப் புத்தகத்துல வலியைப் பத்தி ஒண்ணும் காணோமே குட்டி?"

தங்கையின் கையில் அக்காவின் ரவிக்கை இருந்தது. அதை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். "உனக்குத்தான் வலி இல்லையேக்கா. இருக்கா என்ன?"

"சேச்சே. சும்மா கேட்டேன்."

துணி மடிக்கிறவளின் முதுகையே அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தப் பச்சைத் துண்டை இஸ்திரி போட வேணாம், சும்மா வெச்சிடு" என்றாள்.

*

கத்தி அண்ணன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பிரஸ்ஸில் தாள் வெட்டுகிற மிஷின் அவர் பொறுப்பு, அதனால் அந்தப் பெயர். மிஷின் அவரிடமும் ஒரு நாள் வேலையைக் காட்டிவிட்டதால் அவருக்கு ஒன்பதரை விரல்கள். வெட்டி மிஞ்சிய துண்டுத் தாள்களை அடுக்கித் தைத்து, நான்கு குறிப்புப் புத்தகங்கள் கொண்டு வந்திருந்தார்.

அக்கா ஒன்றை வாங்கிக் கட்டைவிரலால் ஓட்டினாள். "அண்ணே, இதுல நாப்பத்தேழு தாள் இருக்கு. மத்ததுல அம்பது இருக்கும். எனக்குன்னு குறைச்சலா குடுக்கறீங்களா?"

"பாத்தியா, பாத்தியா! படுத்திருக்கும்போதும் வாய் அடங்குதா பாரு!" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா சிரிக்கப் போய், நடுவில் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "கொஞ்சம் கண் அசர்றேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தங்கை அவருக்குச் சமையலறையில் தேநீர் கொடுத்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"உங்கக்கா இல்லாம அங்க ஒரு வேலையும் ஓடலம்மா. போன வாரம் மூவாயிரம் புத்தகம் திரும்பி வந்துடுச்சு, நடுவுல ஒரு பாரம், பதினாறு பக்கம், இல்லாம. உங்கக்கா இருந்தா ஒண்ணு வெளிய போயிருக்குமா?"

"அக்கா அதையா பாப்பா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட?" அண்ணன் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். "அதுதானே உங்கக்கா வேலை! பக்கம் பாக்கிறது. அடுக்கி வர்ற புத்தகத்தை ஒரு தடவை கையில வாங்கி, இப்படி ஒரு ஓட்டு ஓட்டுவா. ஒரே ஒரு தாள் குறைஞ்சாலும் சொல்லிடுவா. கண்ணைக் கட்டிவிட்டுப் பந்தயம் வெச்சோம் ஒரு தடவை. நான்தான் தோத்தேன். கடைசி இருபத்தஞ்சு வருஷத்துல அந்த மேசையைத் தாண்டி ஒரு குறைப் புத்தகம் வெளிய போனதில்ல. உனக்குத் தெரியாதா?"

தளர்வாக இருக்கிறது என்று அக்கா சொன்ன அந்தக் கம்பிப் பின், அந்தரத்தில் நின்ற கட்டைவிரல், இரண்டாம் பக்கத்திலேயே நின்றுபோன கண்கள், எல்லாம் தங்கைக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. பொருளடக்கம். ஒன்பதாம் பக்கம் இன்னது, இருபத்தொன்றாம் பக்கம் இன்னது என்று வரிவரியாகப் போட்டிருந்த பொருளடக்கத்தை அவள் புத்தகத்திலேயே விட்டு வைத்திருந்தாள்.

அண்ணன் போன பிறகு, கைப்பையை எடுத்தாள். கோப்பைத் திறந்தாள். முப்பத்தொன்பது நாளாக மடிந்து கிடந்த தாள்கள், மடிப்பில் அழுக்கேறியிருந்தன.

*

அக்கா தூங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன் போயாச்சா?" என்றாள்.

"அக்கா."

அந்தக் குரலைக் கேட்டு அக்கா திரும்பினாள். திரும்புவதற்கு வெகுநேரம் ஆயிற்று. கட்டில் சட்டத்தைப் பிடித்து, ஒரு தோளை முதலில் கொண்டுவந்து, பிறகு இடுப்பை. இது எப்போதிலிருந்து இப்படி? தங்கையின் கையிலிருந்த தாள்களை அக்கா ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு தாள். எட்டுப் பக்கம். எல்லாம் இருக்கா?"

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழாதடி. இங்க வா, மேல வந்து உக்காரு. அந்தப் பக்கம் வேணாம், இந்தப் பக்கம்."

"அன்னிக்கே தெரியுமா?"

"நீ கையில குடுத்தப்பவே. முதல்ல பிரஸ்காரன் தப்புன்னுதான் நினைச்சேன். எவன்டா இவன், தாளை ஒழுங்கா அடுக்கத் தெரியாதவன்னு திட்ட வாயெடுத்துட்டேன். அப்புறம்தான் பின்னைப் பாத்தேன். நம்ம காய் வெட்டுற கத்தி. முனை உடைஞ்ச கத்தி போடற கீறல் எனக்குத் தெரியாதா?" அக்கா தங்கையின் தலையில் கையை வைத்தாள். "பொருளடக்கத்தையும் எடுத்திருக்கணும் குட்டி. திருடினா முழுசா திருடணும்."

"ஏன்கா கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா நீ ஒடைஞ்சு போயிருப்ப. நீயா கொண்டு வந்து குடுப்பன்னு இருந்தேன். தினம் நீ வேலைக்குப் போய்ட்டு வந்ததும் உன் பையைத்தான் பாப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பக்கம் புத்தகத்துலயே இருந்திருந்தா, எல்லாருக்கும் பொதுவாப் போட்டதுன்னு புரட்டிட்டுப் போயிருப்பேன். நீ எடுத்து ஒளிச்சதாலதான் அது எனக்குன்னே போட்ட பக்கம்னு புரிஞ்சுது."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். இத்தனை நாள் தங்கை சொல்லாமல் மென்று முழுங்கிய சொல்லை, அவள் சொல்லாததே சொல்லிவிட்டிருந்தது.

"அக்கா, வலிக்குதா உனக்கு?"

அக்கா போர்வையை இழுத்து நேராக்கினாள்.

"எப்பலேருந்து?"

"அதை விடு."

"என்கிட்ட இல்லன்னு சொன்னியே!"

"பின்ன என்னடி சொல்றது?" அக்காவின் குரலில் முதல் முறையாகக் கொஞ்சம் கோபம் வந்தது. "ஒன்பதாம் பக்கம் வலின்னு போட்டிருந்துச்சு. அதையும் நீ எடுத்துட்ட. அதுல என்ன எழுதியிருக்கும்? வலிக்கு ஒண்ணும் பண்ண முடியாது, பொறுத்துக்கத்தான் வேணும்னு எழுதியிருக்கும், அதைப் பாத்துப் பயந்துபோய்க் குழந்தை மறைச்சிட்டான்னு நினைச்சேன். ஒரு நாள் கேட்டும் பாத்தேன். நீ முகத்தைக் காட்டல. சரி, அதேதான்னு உறுதியாயிடுச்சு. ஒண்ணும் பண்ண முடியாததை உன்கிட்ட சொல்லி, உன்னையும் சேத்து வதைக்கவா?"

"இல்லக்கா! இல்ல!" தங்கை தாள்களை அவசரமாக விரித்தாள். "அதை நான் எடுக்கவே இல்ல. இருபத்தொண்ணைத்தான் எடுத்தேன். அது கூடவே ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. நான் படிக்கக்கூட இல்லக்கா."

அக்கா புருவத்தைச் சுருக்கினாள். உதடுகள் எதையோ கணக்குப் போட்டன. "ஒன்பதோட இருபத்திநாலு," என்று முணுமுணுத்தாள். "பன்னெண்டோட இருபத்தொண்ணு. அட, ஆமாம்ல! ஒரே தாள்தானே!"

முப்பத்து நான்கு வருஷம் அந்தக் கணக்கிலேயே வாழ்ந்தவள் அவள். எந்தப் பக்கத்தை இழுத்தால் எந்தப் பக்கம் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள்.

"எனக்குத் தோணவே இல்ல பாரேன். பைண்டிங்காரியா யோசிக்காம அக்காவா யோசிச்சுட்டேன்" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பின் நடுவே ஏதோ கொக்கி போட்டு இழுத்ததுபோல உடம்பு வளைந்தது, முகம் சாம்பலாயிற்று, கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். இதைத்தான் அவள் முப்பத்தொன்பது நாளாகப் பார்க்காமல் இருந்திருக்கிறாள், இதே வீட்டில், அடுத்த அறையில்.

வலி தணிந்ததும் அக்கா, "படி" என்றாள்.

தங்கை ஒன்பதாம் பக்கத்தைப் படித்தாள். 'வலியை யாரும் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான வலியைக் குறைக்க வழி உண்டு. உங்களால் வர இயலாவிட்டால் நாங்கள் வீட்டுக்கு வருவோம். எந்தக் கிழமையானாலும் அடுத்த பக்கத்தில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள்.' கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். எண் பத்தாம் பக்கத்தில், கட்டம் போட்டு, பெரிய எழுத்தில் இருந்தது.

"நம்பரை எவனாவது உள்ள கொண்டுபோய் வைப்பானா?" என்றாள் அக்கா கண்ணை மூடிக்கொண்டே. "பின் அட்டையில போட வேணாமா? நடுவுல இருக்கிறதைத்தான் எல்லாரும் முதல்ல பிய்ப்பாங்க. புத்தகம் குடுத்தவங்ககிட்ட சொல்லு, அடுத்த தடவை அச்சடிக்கும்போது."

*

ஞாயிற்றுக்கிழமையானாலும் முதல் மணியிலேயே எடுத்தார்கள். மாலையில் வருகிறோம் என்றார்கள்.

அவர்கள் வருவதற்குள் அக்கா ஊசியும் நூலும் கேட்டாள். அவள் கோக்கப் பார்த்தபோது நூல் ஊசிக் கண்ணைத் தவறிப் போனது. தங்கை கோத்துக் கொடுத்தாள். பின்னைக் கழற்றிப் போட்டுவிட்டு, அக்கா இரண்டு தாள்களையும் அதனதன் இடத்தில் செருகினாள். விரல்நகத்தால் மடிப்பை நீவினாள். பழைய துளைகள் வழியாகவே ஊசியை உள்ளே விட்டு வெளியே எடுத்து, மூன்று முடிச்சு. எப்போதும் ஒரு நிமிடத்து வேலை. அன்றைக்கு அரைமணி நேரம் ஆயிற்று, நடுவில் இரண்டு தடவை கையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். முடிந்ததும் கட்டைவிரலால் ஒரு ஓட்டு ஓட்டினாள்.

"முப்பத்திரண்டு. இப்ப சரி."

நாலு மணிக்கு ஒரு நர்ஸும், அவரோடு வயதில் இளையவரான ஒரு டாக்டரும் வந்தார்கள். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்கள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் இதற்கு மேல் முடியாது, உங்களுக்கு எவ்வளவு என்று நர்ஸ் கேட்டார்.

அக்கா தங்கையைப் பார்த்தாள். "ஒரு ஆறு இருக்கும்."

நர்ஸ் எழுதிக்கொள்ளவில்லை. காத்திருந்தார்.

"குட்டி, அவங்களுக்குத் தண்ணி கொண்டு வா. ரெண்டு பேருக்கும். குளிர்ந்த தண்ணி" என்றாள் அக்கா.

தங்கை சமையலறைக்குப் போனாள். தம்ளரை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள், ஆனால் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்தச் சத்தத்தில் அது கேட்டிருக்காது.

"ஒன்பது," என்றாள் அக்கா, அந்த அறையில், தாழ்ந்த குரலில். "மூணு வாரமா ஒன்பது."

தம்ளர் கையில் இருக்க, தங்கை தொட்டியின் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டாள். எல்லா வீட்டுக்கும் வருகிற தண்ணீர், கலங்கலில்லாமல், நன்றாகவே வந்தது.

மருந்து ஒரு சின்னப் பழுப்பு நிறப் புட்டியில் இருந்தது. எத்தனை மணிக்கு, எவ்வளவு, உறிஞ்சுகுழாயில் எந்தக் கோடு வரை என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லி, தங்கையையும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். போகும்போது வாசலில் நின்று, "நீங்க எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அவளுக்கு ஞாபகமில்லை.

ஐந்தரை மணிக்குள் வெயில் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்துவிட்டது. அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். அவள் மல்லாந்து படுத்து எத்தனை நாளாயிற்று என்று தங்கைக்குத் தெரியவில்லை.

"இருபத்தொண்ணு படி குட்டி," என்றாள் அக்கா. நாக்கு லேசாகக் குழறியது. "தாள் விடாம படி."

தங்கை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, நூல் போட்ட புத்தகத்தைத் திறந்தாள். "'சிகிச்சை பலன் தராதபோது,'" என்று ஆரம்பித்தாள். "'இந்தப் பக்கத்தைப் படிப்பது உங்களுக்குக் கடினமாக இருக்கலாம். விரும்பினால் உங்களுக்கு நெருக்கமான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.'"

"ம். வெச்சிருக்கேன்" என்றாள் அக்கா.

அடுத்த பக்கம் திருப்பியபோது அக்காவிடமிருந்து சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். அக்கா தூங்கிப்போயிருந்தாள். இரண்டு புருவங்களுக்கும் நடுவே இருந்த கோடு போயிருந்தது. கடைவாய் தளர்ந்திருந்தது. கை சட்டத்தைப் பிடிக்கவில்லை, போர்வைமேல் விரிந்து கிடந்தது, தேய்ந்த கட்டைவிரல் மேலே பார்த்தபடி.

இதுதான் அக்காவின் முகம் என்பதே அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இத்தனை நாள் அக்கா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தது வலியின் முகத்தை. பக்கத்திலேயே, அலுவலகக் கோப்புக்குள், பத்தாம் பக்கத்தில், கட்டம் போட்ட ஓர் எண் இருந்தது. முப்பத்தொன்பது நாள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறாள்.

அழுதால் அக்கா விழித்துக்கொள்வாள். அவள் அழவில்லை. புத்தகத்தை முகத்தருகே பிடித்துக்கொண்டு, தூங்குகிறவளுக்குக் கேட்காத குரலில், இருபத்திரண்டாம் பக்கத்தைப் படித்தாள். இருபத்து மூன்றைப் படித்தாள். இருபத்து நான்கைப் படித்தாள். எதையும் விடவில்லை.